சொட்டு அக்காவின் மூன்று வளையங்கள்

கடிகாரத்தைக் கையில் வாங்கியதும் சொட்டு அக்கா அதை மோந்து பார்க்கிறார். முதலில் பின்மூடி, அடுத்து சாவி கொடுக்கும் திருகு, கடைசியில் வார் நுழையும் இடுக்கு. கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, ஓர் அரை நிமிடம். "சோப்புத் தண்ணி. குளிக்கும்போதும் கழட்டுறதில்லையா சார்?" எதிரே நிற்கும் பெரிய மனிதர் திருட்டு முழி முழிக்கிறார். அடுத்த ஆளுடையது கைக்கு வருகிறது. "இது வேர்வை. நாள் பூரா வண்டி ஓட்டுறீங்களோ?" அவர் லாரி ஓட்டுநர். நான் கொண்டுபோனதை மோந்தபோது மட்டும் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடல் உப்பு. கூடவே டீசல். இது உங்க வாட்ச் இல்லயே?"

இல்லைதான். என் மகளுடையது. துறைமுகத்தில் கப்பல்களின் அடிவயிற்றுக்குக் கீழே முங்கிப் போய், ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவதும், இரும்பில் விரிசல் விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அவள் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். இப்படி ஒருத்தி என் வயிற்றில் எப்படிப் பிறந்தாள் என்று நான் கேட்காத நாளில்லை. "நீ கரையில நின்னு கணக்கு போடு, நான் உள்ள போயி விடையக் கொண்டாரேன்" என்பாள். வாய் மட்டும் என்னைக் கொண்டிருக்கிறது.

அவளுக்கு வேலை கிடைத்தபோது அந்தக் கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தது நான். முங்குகிறவர்களுக்கென்றே செய்த கனத்த கடிகாரம். புதியதுதான், ஆனால் அறுபது வருடத்துக்கு முந்தையது போல ஒரு தோற்றம். மேடாக வளைந்த கண்ணாடி, பழுப்பேறிய மாதிரி பூசிய எண்கள், திருப்பினால் டிக் டிக்கென்று நகரும் வெளி வளையம். பார்க்க அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். சொட்டு அக்கா விளக்குக்கு அடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "பொறந்து நாலு வருசம்தான் ஆகுது, தாத்தா வேசம் போட்டுக்கிட்டு நிக்கிறான் பாருங்க."

தாத்தாவின் கண்ணாடி கப்பல் ஏணியில் மோதி, நடுவிலிருந்து மூன்று திசைக்கும் விரிந்துவிட்டிருந்தது.

அவருடைய கடை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒரு பக்கம் நகல் எடுக்கும் கடை, மறு பக்கம் செல்போன் உறை விற்கிற கடை. கூரை சரிவாக இறங்குவதால் கொஞ்சம் உயரமான ஆள் உள்ளே வந்தால் நெற்றி இடிக்கும். இடிக்கிற இடத்தைச் சரியாகக் கணித்து அங்கே பழைய மெத்தைப் பஞ்சை ஒட்டி வைத்திருக்கிறார். தலைக்கு மேலே யாராவது தடதடவென்று இறங்கினால் மேசை அதிரும். அப்போது அவர் இடுக்கியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலடி தீரும்வரை காத்திருப்பார். திட்ட மாட்டார். "பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ" என்பதோடு சரி.

என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் அந்தக் கட்டடத்துக்கே அவர் அக்கா, ஆகவே எனக்கும். வேலை முடிந்து கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஒரு சொட்டு உள்ள போகாது" என்று சொல்லித்தான் கொடுப்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. தலையில் எப்போதும் குளியலறைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி. ஒரு முடி விழுந்து ரப்பர் வளையத்துக்கு அடியில் குறுக்கே படுத்துக்கொண்டால் போதுமாம், அந்த வழியாகத் தண்ணீர் வரிசை கட்டி உள்ளே நுழையுமாம். முகத்துக்குப் பவுடர் போடுவதில்லை. வளையல் இல்லை. வலது கண்ணைச் சுற்றி, வேலைக்காகப் பொருத்திக்கொள்ளும் லென்ஸ் அழுத்திய வட்டம் ஞாயிற்றுக்கிழமைகூட மறைவதில்லை.

அவருடைய கணவர் கார் கழுவும் நிலையத்தில் வேலை பார்க்கிறார். பழுது பார்த்த கடிகாரங்கள் ஒருநாள் அவர் கையில் இருந்துவிட்டுத்தான் சொந்தக்காரருக்குப் போகும். முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான். ஒரு நாளைக்கு மூன்று, சில நாள் நான்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கட்டிக்கொண்டு மனுஷர் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். "ஊர்ல யாருக்கும் இல்லாத அளவுக்கு எங்க வீட்டுக்காரர் கையில நேரம் இருக்கு. ஆனா ஒரு நாளும் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்ததில்ல."

என் மகளின் வேலையைப் பற்றி நான் சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்பு நின்றுபோனது. முங்குகிறபோது அவள் ஒரு கையில் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் மின்கருவி இருக்கும், மறு கையில் இந்தக் கடிகாரம். போன வருடம் கலங்கிய தண்ணீரில் அந்தக் கருவி பொட்டென்று அணைந்துவிட்டது. முதுகிலிருக்கும் காற்று இன்னும் எத்தனை நிமிடம் வரும், எப்போது மேலே கிளம்ப வேண்டும் என்பதை இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டு வந்து சேர்ந்தாள். அதை எனக்கு மூன்று மாதம் கழித்து, துணி மடிக்கும்போது போகிற போக்கில் சொன்னாள். கையிலிருந்த துணியை மடித்தேனா, கசக்கினேனா என்று தெரியாது.

சனிக்கிழமை காலை மறுபடி ஒரு பெரிய கப்பலுக்கு அடியில் அவள் போகவேண்டியிருந்தது. நான் கடைக்குப் போனது திங்கட்கிழமை.

"புதன்கிழமை கண்ணாடி வந்துரும். அன்னிக்கே பொருத்திடுறேன். வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரர் கட்டிக்கட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்க வாங்கிக்கலாம்" என்றார் சொட்டு அக்கா.

புதன்கிழமை நான் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவரைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்கிற ஆசை எனக்குள் புகுந்துவிட்டது. நோட்டும் பேனாவுமாகப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். மேசைக்கு மேலே ஓர் அட்டை தொங்குகிறது: வேலை நடக்கும்போது பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். அதைப் படித்துவிட்டும் நான் வாயைத் திறந்தேன். வகுப்பில் பிள்ளைகளைப் பேசாதே பேசாதே என்று இருபத்தாறு வருடமாக அதட்டுகிறவள் நான்.

"என்னப் பத்தியா எழுதப்போறீங்க? நான் என்ன மந்திரியா டீச்சர்?" என்று வெட்கப்பட்டார். அன்றைக்கு ஒருநாள் எனக்காக அந்த அட்டை விதி தளர்ந்தது.

பேசிக்கொண்டே வேலை செய்தார். கத்தியின் நுனியால் வெளி வளையத்தை நெம்பி எடுத்தார். பின்மூடியைத் திருகித் திறந்து, துடித்துக்கொண்டிருந்த உள்பகுதியை வெளியே எடுத்து ஒரு மூடிக்குள் கவிழ்த்து வைத்தார். உடைந்த கண்ணாடியை உள்ளிருந்து கட்டைவிரலால் தள்ளினார், விழுந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைப் பஞ்சுக் குச்சியால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். நான் பார்த்தவரை அது முதல் தடவையிலேயே சுத்தமாகிவிட்டது. அவர் ஒன்பது குச்சி செலவழித்தார். புதுக் கண்ணாடியை அளவுக் கருவியில் வைத்து மூன்று இடத்தில் அளந்து, ஊதி, மறுபடி ஊதி, கைப்பிடி வைத்த சின்ன அமுக்கு மெஷினில் பொருத்தி, மூச்சைப் பிடித்து இறக்கினார். 'டப்' என்று அது உட்கார்ந்த சத்தம் எனக்கே கேட்டது. "இந்தச் சத்தத்துக்குத்தான் டீச்சர் நான் சோறே சாப்பிடுறேன்" என்றார்.

தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது மூன்று ரப்பர் வளையங்கள். கண்ணாடிக்கு ஒன்று, பின்மூடிக்கு ஒன்று, சாவித் திருகுக்குள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஒன்று. மூன்றையும் புதிதாகப் போடுவது அவர் வழக்கம். புது வளையங்களைப் பொட்டலத்திலிருந்து எடுத்து, கிரீஸ் தடவிய பஞ்சு இருக்கும் தகர டப்பாவில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் கேட்டேன், இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று. பதினோரு வருடம் தண்ணீர் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் வாஷர் மாட்டுகிற வேலையில் இருந்தாராம். அது மூடியபோது அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றாராம். "அங்க தண்ணி வெளிய வரக்கூடாது, இங்க உள்ள போகக்கூடாது. அவ்ளோதான் டீச்சர் வித்தியாசம்!" என்று சொல்லி அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கடைசியில் பரிசோதனை. கனத்த கண்ணாடிக் குடுவையில் பாதிக்குத் தண்ணீர். அதற்கு மேலே காற்றில் தொங்குகிறது கடிகாரம். மூடியை இறுக்கிவிட்டு, பக்கத்திலிருக்கும் பம்பை அடித்து உள்ளே காற்றைத் திணிக்கிறார். கடிகாரத்தில் எங்காவது ஓட்டை இருந்தால் அந்தக் காற்று அதற்குள்ளேயும் புகுந்துவிடும். சில நிமிடம் கழித்துக் கடிகாரத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, குடுவையின் காற்றை மெல்ல மெல்லத் திறந்துவிட்டால், உள்ளே புகுந்தது குமிழியாக வெளியே வரும். ஒரே ஒரு குமிழி வந்தாலும் வேலை முதலிலிருந்து. அப்போது மட்டும் அக்கா பேசவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிகாரம் என் கைக்கு வந்தது. சாயங்காலம் மகள் வேலைக்கான பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு மணி இருக்கும், வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சொட்டு அக்கா. இடது கையில் கனத்த பை, அதற்குள் துண்டில் சுற்றிய குடுவை. வலது கையில் என் முகவரி எழுதிய ரசீது. தலையில் பிளாஸ்டிக் தொப்பி அப்படியே இருந்தது. அதோடேயே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், அவருக்கே தெரியாது.

"பொண்ணு போயிட்டாளா டீச்சர்?"

"இல்லையே, உள்ளதான் இருக்கா. என்னாச்சு?"

அவர் என்னைத் தாண்டி நேராக அவளிடம் போனார். "வாட்ச்சக் கட்டிக்கிறது நீதானம்மா? அப்ப உங்கிட்டதான் சொல்லணும். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

வெள்ளிக்கிழமைதோறும் கிரீஸ் டப்பாவைக் காலி செய்து துடைப்பது அவர் பழக்கம். இன்றைக்குத் துடைக்கும்போது பஞ்சுக்கு அடியில் ஒரு புது வளையம் கிடைத்திருக்கிறது. சாவித் திருகுக்கான வளையம். அந்த அளவில் இந்த வாரம் வேறு எந்தக் கடிகாரத்துக்கும் அவர் வளையம் எடுக்கவில்லை. அப்படியென்றால் என் மகளின் கடிகாரத்தில் இருப்பது நான்கு வருடத்துப் பழைய வளையம்.

"ஆனா டெஸ்ட்ல ஒரு குமிழிகூட வரலைன்னு அம்மா சொன்னாங்களே அக்கா" என்றாள் மகள்.

"வரலதான். அன்னிக்குப் பழசே தாங்கிருச்சு. வீட்டுக்காரர் கையிலயும் தாங்கிருச்சு. நாளைக்குக் கப்பலுக்கு அடியிலயும் தாங்கும்னு நான் எப்படிம்மா சொல்றது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நம்பித்தானே கொடுத்தோம், பிள்ளை உயிர் விஷயம் என்று படித்துப் படித்துச் சொன்னேனே, இப்படியா கவனமில்லாமல் இருப்பது என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது அவர் சொன்னார், "திட்டுங்க டீச்சர். திட்டிக்கிட்டே எனக்கு ஒரு நல்ல லைட் மட்டும் போட்டுக் குடுங்க."

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, என் மேசை விளக்கைக் கொண்டுவந்து வைத்தேன். கடிகாரத்தைத் திறந்து சாவித் திருகைத் தனியே உருவினார். ஊசி முனையால் உள்ளேயிருந்து அந்தப் பழைய வளையத்தை நெம்பினார். முழுதாக வரவில்லை. இரண்டு துண்டாக வந்தது. ஒரு துண்டை நகத்தால் அழுத்தினார், காய்ந்த பசை மாதிரி பொடிப் பொடியாக உதிர்ந்தது. மகள் அதைக் குனிந்து பார்த்தாள். பையை அடுக்குவதை விட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

புது வளையம் உள்ளே போனது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. புதன்கிழமை மூன்றாவது வளையத்தை எடுக்க அவர் கை நீட்டிய நேரத்தில் அவர் வாயைப் பிடுங்கியது யார்? நோட்டை எடுத்துப் பார்க்கவே தேவையில்லை. மோட்டார் தொழிற்சாலை, வாஷர், அவர் குலுங்கிச் சிரித்தது, எல்லாம் என் கையெழுத்தில் அங்கே இருந்தது.

"அக்கா, நான் பேச்சுக் கொடுத்ததாலதானே இது?" என்றேன்.

அவர் லென்ஸைக் கழற்றவில்லை. "கேட்டது நீங்க. சிரிச்ச வாய் என்னுது டீச்சர்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவுமில்லை, என்னை எடுக்க விடவுமில்லை. சமையலறைக் குழாயில் குடுவைக்குத் தண்ணீர் பிடித்து, பம்பை அடித்து, கடிகாரத்தை இறக்கினார். மூன்று பேரும் சமையல் மேடையைச் சுற்றிக் குனிந்து நின்றோம். ஒரு தரம் அல்ல, மூன்று தரம் செய்தார். வரவில்லை, வரவில்லை, வரவில்லை. தொப்பி தலையிலேயே இருப்பதை மகள்தான் சொன்னாள். அவர் கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்துவிட்டு, "அதான் பஸ்ஸுல எனக்கு எந்திரிச்சு எடம் குடுத்தாங்களா!" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். என் கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பால் மட்டும் அல்ல.

கிளம்பும்போது கேட்டார், "நாளைக்கு நீங்க பாக்கப் போவீங்களா?"

நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நான் போனதில்லை. அவள் போகிற நாளில் வீட்டில் அலமாரி துடைப்பேன். இல்லை என்று தலையை ஆட்டினேன். "எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு. சேர்ந்து போலாம் வாங்க" என்றார். துறைமுகத்தின் அந்தப் பக்கத்தில் பாரம் தூக்கும் இயந்திரங்களையும் துருப்பிடித்த சங்கிலிகளையும் தவிர ஒன்றும் கிடையாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை கடையைச் சாத்திவிட்டு வந்தார். காவலாளி எங்களை மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார். கப்பல் ஒரு தெரு நீளத்துக்கு நின்றது. மகள் எங்களைப் பார்த்து ஒரு கையை ஆட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போனாள். தண்ணீர் அவளை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சட்டென்று அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். "டீச்சர், குமிழி வருது! பாருங்க, நெறைய வருது!" முகத்தில் ஈயாடவில்லை.

"பயப்படாதீங்க. அது அவ மூச்சு. வந்துக்கிட்டே இருக்கணும்" என்றேன். மகள் எப்போதோ சொல்லிக்கொடுத்தது. தைரியம் சொல்கிற இடத்தில் நான் இருந்தது அன்றைக்கு எனக்கே புதிதாக இருந்தது.

அவர் என் முழங்கையை விட்டார். "இத்தன வருசமா வரக்கூடாது வரக்கூடாதுன்னே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு முப்பத்தெட்டு நிமிடம் இரண்டு பேரும் குமிழி பார்த்தோம். கப்பலின் மூக்கிலிருந்து நடுப்பகுதிக்கு, நடுப்பகுதியிலிருந்து வாலுக்கு அது நகர நகர, மஞ்சள் கோட்டை ஒட்டி நாங்களும் நகர்ந்தோம். ஒரு தாய் நான்கு வருடம் செய்ய வேண்டியதை அந்தக் காலையில் நான் செய்தேன். தனியாக என்றால் செய்திருக்க மாட்டேன்.

அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். டப்பாவில் கிடைத்த வளையத்தை அவர் பேசாமல் பொட்டலத்தில் திரும்பப் போட்டிருக்கலாம். கேட்பதற்கு ஆளில்லை. பரிசோதனை அவர் பக்கம் இருந்தது. ஒரு குமிழிகூட வராததற்கு நானே சாட்சி. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு ரப்பர் துணுக்குக்காக இரண்டு பஸ் மாறி வந்து, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அதைச் சரியாக்கிவிட்டுப் போனார். தவறே செய்யாத கைதேர்ந்தவரிடம் என் பிள்ளையின் கடிகாரத்தைக் கொடுத்திருந்தால்கூட எனக்கு இத்தனை நிம்மதி இருந்திருக்காது. இதை அவரிடம் சொல்லவும் முயன்றேன். "தண்ணியப் பாருங்க டீச்சர்" என்றுவிட்டார்.

மகள் ஏணியைப் பிடித்து மேலே வந்தாள். உதடு வெளுத்திருந்தது. முகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நீர் சொட்டச் சொட்ட நேராக எங்களிடம் நடந்து வந்தாள். இடது கையை அக்காவுக்கு முன்னால் நீட்டினாள். மேடான கண்ணாடிக்குக் கீழே முள் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்கக்கா. உள்ள ஈரமே இல்ல."

சொட்டு அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குளிரில் விறைத்து, நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்த அந்த விரல்களைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி வைத்து, வாயால் ஊதி ஊதித் தேய்க்க ஆரம்பித்தார்.